நகரக் கோவில் ஏடுகளைத் திறந்து காட்டுங்கள்

இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி ஆகிய, நகரத்தார் என்னும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் ஒன்பது நகரக் கோவில்களின் காரியக்காரர்களுக்கும், ஊர்தோறும் நகரப் பொதுக் காரியங்களை இழுத்துப் போட்டுக்கொண்டு செய்யும் அண்ணன்மார்களுக்கும், பழைய வீடுகளின் சாவியை வைத்திருக்கும் பங்காளிகளுக்கும் வணக்கம்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். கோவில்களில் இருக்கும் பழைய புள்ளிக் கணக்கு (கல்யாணமான குடும்பங்களின் கணக்கு) ஏடுகளையும் திருமணப் பதிவுகளையும் படம் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். எழுபத்தைந்து வருடத்துக்கு முந்தைய பக்கங்களை அந்த வழியில் வந்தவர் யார் கேட்டாலும், மகன் வழியோ மகள் வழியோ, எடுத்துக் காட்டுங்கள். வீட்டைப் பிரிக்கும்போதும் இடிக்கும்போதும் பரணில் கிடக்கும் காகிதங்களைப் பழைய பேப்பர் கடைக்குப் போடாதீர்கள். இதைக் கேட்கத்தான் இந்த மடல். ஏன் கேட்கிறேன் என்று விளக்கக் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் ஆயாவின் (அம்மாவைப் பெற்றவரின்) அப்பச்சியை, அதாவது அப்பாவை, பற்றி எங்கள் வீட்டில் தெரிந்தது இரண்டு வரிதான். "பெகுவிலே வட்டிக்கடையிலே இருந்தாக. ஜப்பான்காரன் குண்டு போட்டப்ப நடந்து வந்தாக, வந்து சேரலை." ஆயா இதைச் சொல்லும்போது குரலில் எந்த ஏற்ற இறக்கமும் இருக்காது. அப்பச்சி கடைசியாகக் கப்பலேறியபோது ஆயா கைக்குழந்தை. முகம் நினைவில்லை. அவர் எந்த வயதில் பர்மாவுக்குப் போனார், யார் கடையில் இருந்தார், எத்தனை கணக்கு (மூன்று வருஷத் தவணை) போய் வந்தார், எந்தத் திதியில் திவசம் கொடுப்பது, எதற்கும் விடை இல்லை. ஆயா காலமான பிறகுதான் எனக்கு இது உறுத்த ஆரம்பித்தது. அந்தப் பாட்டையாவை முழுசாக இல்லாவிட்டாலும், ஒரு ஆளாக அடையாளம் சொல்லும் அளவுக்காவது கண்டுபிடித்துவிட வேண்டும் என்று தேடத் தொடங்கினேன்.

முதலில் அரசாங்க ஆவணங்கள் பக்கம் போனேன். மதராஸ் மாகாணத்தில் பிறப்பு இறப்பைப் பதிவதற்கான சட்டம் 1899-லேயே வந்துவிட்டது. ஆனால் கிராமத்துப் பதிவுகளில் பிள்ளையின் பெயர் பல இடங்களில் காலியாக இருக்கும். பெயர் வைப்பதற்கு முன்னாலேயே எழுதிவிடுவார்கள், அப்புறம் வந்து சேர்க்க யாருக்கும் தோன்றாது. அது போக, எந்த மாவட்டத்தில் தேடுவது என்பதே ஒரு பெரிய கேள்வி. காரைக்குடி, தேவகோட்டை வட்டாரம் இன்று சிவகங்கை மாவட்டம், அது 1985-ல் பிறந்தது. அதற்கு முன் ராமநாதபுரம். ராமநாதபுரம் மாவட்டமே 1910-ல்தான் உருவானது, அதற்கு முன் மதுரை. பொன்னமராவதிப் பக்கத்து ஊர்கள் என்றால் 1948 வரை புதுக்கோட்டை சமஸ்தானம், அந்தக் காகிதங்கள் வேறு வரிசையில் வேறு இடத்தில் இருக்கும். ஒரே வீட்டில் பிறந்த அண்ணன் தம்பி இரண்டு பேருக்கு இரண்டு மாவட்டத்தில் பதிவு தேட வேண்டி வரும்.

இந்தக் குழப்பம் எதுவும் தொடாத ஒரு பதிவு நம்மிடம் இருக்கிறது. திருமணம் ஆன ஒரு கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு புள்ளி. கல்யாணத்துக்குக் கோவிலில் சொல்லி, கோவில் மாலை வந்து, ஏட்டில் பதிந்தால்தான் அந்தக் கல்யாணம் நகரத்தார் கல்யாணம். இருவரில் ஒருவர் காலமானால் மீதி இருப்பவர் அரைப்புள்ளி. ஊர்வாரியாக, வீட்டுவாரியாக இந்தக் கணக்கு எழுதப்பட்டு, அதன்படி புள்ளி வரி தண்டப்பட்டு வந்திருக்கிறது. யாருக்கு எப்போது கல்யாணம், யார் எப்போது தனிக்குடும்பமானார், யார் எந்த வருஷம் துணையை இழந்தார், யார் யாருக்குப் பிள்ளை போனார் (தத்துப் போனார்) என்பதெல்லாம் அதில் தலைமுறை தலைமுறையாக வரிசையில் நிற்கிறது. தமிழ்நாட்டில் இத்தனை ஒழுங்காகத் தன் குடும்பங்களை எழுதி வைத்துக்கொண்ட சமூகங்கள் மிகச் சிலவே. நம் முன்னோர் செய்து வைத்த காரியங்களில் ஆத்தங்குடிக் கல்லையும் தேக்குத் தூணையும் விட நான் பெரிதாக மதிப்பது இதைத்தான்.

அந்த ஏட்டைப் பார்க்க ஆயா வீட்டுக் கோவிலுக்குப் போனேன். எந்தக் கோவில் என்று சொல்ல விரும்பவில்லை, ஒருவரைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. அலுவலகத்தில் இருந்த பெரியவர் மரியாதையாகத்தான் பேசினார், மோர் கொடுத்தார். விஷயத்தைச் சொன்னதும், "நீங்க இந்தக் கோவில் புள்ளி இல்லையே ஆச்சி. மகள் வயித்துப் பிள்ளைகளுக்கு ஏடு காட்டுற வழக்கம் இல்லை. உங்க அம்மான் வீட்டிலேர்ந்து யாரையாவது கூட்டிட்டு வாங்க" என்றார். என் அம்மான் மகன் சென்னையில் வேலையில் இருக்கிறான். அவனுக்கு இதில் பெரிய ஈடுபாடு கிடையாது, எனக்காக ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வந்தான். அவனும் ஆயாவுக்கு மகன் வயிற்றுப் பேரன்தான், அந்தப் பாட்டையாவின் புள்ளியில் அவனுக்கும் நேரடி இடம் கிடையாது. ஆனாலும் ஆண்பிள்ளை வந்து கேட்டதால் ஏடு வெளியே வந்தது. ஒரே பாட்டையா, ஒரே கேள்வி. பெரியவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் கையில் கொடுக்கப்பட்ட வழக்கத்தை அவர் காப்பாற்றினார். அந்த வழக்கத்தை மாற்றும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறது, அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஏட்டில் என்ன இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். நீள வாக்கில் மடித்துத் தைத்த கனத்த காகிதம். தலைப்பில் பிள்ளையார் சுழியும் சிவமயமும். தமிழ் எண்கள். வருஷத்துக்கு ௵, மாதத்துக்கு ௴, நாளுக்கு ௳, ரூபாய்க்கு ௹, வரவுக்கு ௷, பற்றுக்கு ௶. மேலே சொன்ன ஊரே, மேலே சொன்ன வீடே என்றால் திரும்ப எழுதாமல் ௸ என்று ஒரு சுழி, அதாவது மேற்படி. பக்கம் முழுக்க அந்தச் சுழிகள் ஒன்றின் கீழ் ஒன்றாக இறங்கிக்கொண்டே போகும். ஒரு சுழியைத் தவறவிட்டால் அடுத்த வீட்டுக்காரர் நம் வீட்டுக்காரர் ஆகிவிடுவார். அரைக்கால், வீசம், மாகாணி என்று பின்னங்களும் குறியீடாகவே இருக்கும். இதைச் சரளமாகப் படிக்கத் தெரிந்தவர்கள் இன்று எல்லா ஊரிலும் சேர்த்து எத்தனை பேர் இருப்பார்கள் என்று யோசித்தால் கவலையாக இருக்கிறது. அனேகமாக எல்லோரும் எண்பதைத் தாண்டியவர்கள்.

வருஷப் பெயர் இன்னொரு சிக்கல். அறுபது வருஷத்துக்கு ஒரு முறை அதே பெயர் திரும்பி வரும். தாது வருஷம் என்றதும் பஞ்சம்தான் நினைவுக்கு வரும், அது 1876. ஆனால் 1936-ம் தாதுதான். என் பாட்டையா விஷயத்தில் ஒரு கடிதம் 'தாது ௵ ஐப்பசி ௴' என்று மட்டும் சொல்கிறது. அவர் 1930-ல், பிரமோதூத வருஷத்தில், கல்யாணம் செய்தவர் என்பது கோவில் ஏட்டில் இருந்ததால்தான் எந்தத் தாது என்று திட்டமாகச் சொல்ல முடிந்தது. ஓர் ஆவணம் இன்னொன்றைத் தாங்கிப் பிடிக்கிறது, ஒன்று போனால் மற்றதும் பாதி ஊமையாகிவிடும்.

பெரிய முடிச்சு ஒன்றை அவிழ்த்ததும் அந்த ஏடுதான். அவர் பையனாகப் பர்மாவுக்குப் போனபோது எழுதிய சம்பளச் சீட்டு ஒன்று வேறொரு ஊரில், முதலாளி வீட்டு வழியில் வந்தவர்களிடம் கிடைத்தது. பெட்டியடியாக (கடைப் பையனாக) மூன்று வருஷத்துக்குச் சம்பளம் பேசி, முன்பணம் எவ்வளவு, அங்கே சாப்பாடு கடைச் செலவு, கணக்கு முடியும் முன் ஊர் திரும்பக்கூடாது என்று நிபந்தனைகளோடு எழுதிய சீட்டு. ஆனால் அதில் இருக்கும் விலாசமும் (பெயருக்கு முன்னால் வரும் குடும்பத் தலைப்பெழுத்துகள்) ஆயா சொன்ன விலாசமும் வேறு வேறு. தலைப்பெழுத்து ஒன்றுகூடப் பொருந்தவில்லை. வேறு யாரோ ஒருவருடைய சீட்டு என்றே எல்லோரும் சொன்னார்கள். கோவில் ஏட்டில் கல்யாணப் பதிவுக்குப் பக்கத்தில் இரண்டு வார்த்தை இருந்தது, 'பிள்ளை கூட்டியது', அதாவது தத்து எடுத்தது. பிறந்த வீடு ஒன்று, பிள்ளை வந்த வீடு ஒன்று. முதல் கணக்கு முடித்து ஊர் திரும்பியவரைப் பங்காளி வீட்டில் பிள்ளை கூட்டிக் கல்யாணம் செய்து வைத்திருக்கிறார்கள். விலாசம் மாறியது அதனால். பிள்ளை கூட்டுவது நம்மிடம் இவ்வளவு சாதாரணமாக இருக்கும்போது, கோவில் ஏட்டின் துணை இல்லாமல் நகரத்தார் குடும்ப வரலாறு எதையும் நம்பி எழுத முடியாது. பெயருக்குப் பெயர் பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு போனால் பாதி ஆட்கள் காணாமல் போவார்கள், மீதிப் பாதி வேறு வீட்டில் போய் நிற்பார்கள்.

அடுத்து நான் பார்த்ததுதான் இந்த மடலை எழுத வைத்தது.

ரங்கூனில் முதல் குண்டு விழுந்தது 1941 டிசம்பர் 23. விஷு வருஷம் மார்கழி. 1942 மார்ச் 8-ல் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போய்விட்டது. அதற்குள் கப்பலில் இடம் கிடைத்தவர்கள் கப்பலில் வந்தார்கள். கிடைக்காதவர்கள் புரோமிலிருந்து தௌங்குப் கணவாய் வழியாக அரக்கான் கரைக்கும், தாமு வழியாக மணிப்பூருக்கும் நடந்தார்கள். காலராவும் பசியும் வழியெல்லாம். பல லட்சம் இந்தியர்கள் வெளியேறிய அந்த நடையில் எத்தனை பேர் விழுந்தார்கள் என்பதற்குச் சரியான கணக்கு இல்லை. என் பாட்டையா அதில் ஒருவர் என்பதுதான் வீட்டுக் கதை. அப்படியானால் அடுத்த வருஷமே, சித்திரபானுவிலோ சுபானுவிலோ, அவர் புள்ளி அரைப்புள்ளியாகியிருக்க வேண்டும். ஏட்டில் அப்படி இல்லை. சித்திரபானு, முழுப்புள்ளி. சுபானு, முழுப்புள்ளி. தாரண, பார்த்திப, விய, சர்வசித்து, எல்லாம் முழுப்புள்ளி, வரி வரவு. 1948-ல், சர்வதாரி வருஷத்தில்தான் அரை என்று எழுதியிருக்கிறது.

ஆயாவின் ஆத்தா, கையில் ஒரு பெண் குழந்தையோடு, வீட்டில் தனக்கென்று இருந்த உள்ளறையையும் வெளியறையையும் தவிர வேறு வருமானம் பெரிதாக இல்லாத நிலையில், வருஷா வருஷம் முழுப்புள்ளிக்கு வரி கட்டியிருக்கிறார். அரை என்று எழுதச் சம்மதிக்கவில்லை. எல்லோரும் என்ன சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். 1948 ஜனவரியில் பர்மா சுதந்திரம் பெற்றது, அந்த வருஷமே நிலங்களை நாட்டுடைமையாக்கும் சட்டமும் வந்தது. போய் வர இருந்த வழிகளெல்லாம் அடைபட்டுக்கொண்டிருந்த நேரம் அது. அதனால்தான் அந்த வருஷம் விட்டுக்கொடுத்தாரா, வேறு செய்தி ஏதாவது வந்ததா, ஏடு சொல்லவில்லை. ஆனால் அவர் காத்திருந்தார் என்பதை இந்த உலகத்தில் ஒரே ஒரு இடம்தான் பதிந்து வைத்திருக்கிறது, உங்கள் கோவில் அலமாரி. ஆயாவுக்கே இது தெரியாது. தெரிந்திருந்தால் தன் ஆத்தாவைப் பற்றி அவர் பேசும் தொனியே மாறியிருக்கும் என்று நினைக்கிறேன். 'எங்க ஆத்தா சிரிச்சுப் பார்த்ததே இல்லை' என்பதுதான் ஆயா அவரைப் பற்றி அடிக்கடி சொன்னது.

அந்த ஆத்தாவின் பெயர் கோவில் ஏட்டில் இல்லை. 'இன்ன ஊர் இன்னார் மகளை' என்று கல்யாணத்தில் ஒரு தடவை, அதன் பிறகு கணவர் பெயருக்குப் பின்னால் எண்ணாக மட்டும். பெயர் கிடைத்தது அவர் பிறந்த வீட்டுச் சாமான் சிட்டையில். வெங்கலப் பானை இத்தனை, மரவை இத்தனை, தடுக்கு இத்தனை என்று அடுக்கிக்கொண்டே போய், மேலே இது இன்னாருக்குக் கொடுத்த சாமான் விவரம் என்று அவர் பெயரை முழுசாக எழுதியிருந்தார்கள். ஓரம் முழுக்க இராமபாணப் பூச்சி தின்ற காகிதம். இன்னும் நாலு மழைக்காலம் போயிருந்தால் பெயர் இருந்த மூலையும் போயிருக்கும். படைப்பு வீடுகளில் ஆச்சிமார்களுக்குப் புடவை வைத்துக் கும்பிடுகிற நாம், அவர்கள் பெயரை ஏட்டில் எழுதாமல் விட்டிருக்கிறோம். இது எனக்குப் பொறுக்கவில்லை. இனி எழுதும் கல்யாணப் பதிவுகளிலாவது பெண்ணின் பெயர், பெண்ணின் ஆத்தா பெயர், மாப்பிள்ளையின் ஆத்தா பெயர் மூன்றும் கட்டாயம் இருக்கும்படி செய்யுங்கள். இசைகுடிமானம் (கல்யாண ஒப்பந்தம்) எழுதும்போது கூட நாலு வார்த்தை சேர்ப்பதில் யாருக்கும் நஷ்டம் இல்லை.

உங்கள் தயக்கங்களை நான் அலட்சியப்படுத்தவில்லை. கோவில்காரர்கள் சிலரோடு பேசியதில் மூன்று விதமான பயம் தெரிந்தது. சொத்து வழக்குக்கு ஏட்டை இழுத்துப் போவார்கள் என்பது ஒன்று. பிள்ளை கூட்டிய விவரங்கள் வெளியே வந்தால் இப்போது இருப்பவர்கள் மனம் புண்படும் என்பது ஒன்று. வெளியாட்கள் வந்து எதையாவது எழுதிவிடுவார்கள் என்பது ஒன்று. முதல் இரண்டுக்கும் ஆண்டு வரம்பே போதுமான காவல். எழுபத்தைந்து வருஷம் போதாது, நூறு வைக்கலாம் என்று பொதுக்குழு நினைத்தால் அப்படியே வையுங்கள், எனக்கு அதிலும் சம்மதமே. வரம்பு என்று ஒன்று எழுத்தில் இருந்தால் போதும், அலுவலகத்தில் அன்று யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பொறுத்து விடை மாறாது.

மூன்றாவது பயத்தைப் பற்றி எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு, மறைக்காமல் சொல்கிறேன். பர்மாவில் நம்மவர்கள் சின்னக் கடை வைத்திருக்கவில்லை. 1929-30-ல் அமைந்த பர்மா வங்கி விசாரணைக் குழு நகரத்தார் கடைகளைச் சுமார் 1,650 என்றும், அவர்கள் போட்டிருந்த பணத்தைச் சுமார் 75 கோடி ரூபாய் என்றும் கணக்கிட்டது. உலகப் பொருளாதாரப் பெருமந்தத்தில் நெல் விலை விழுந்து கடன் திரும்பாமல் போனபோது ஈடாக வந்த நிலம் குவிந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-ல் நூற்றுக்கு 6 பங்காக இருந்த செட்டியார் நிலம் 1938-ல் 25 பங்கானது. அந்த நிலத்தை இழந்த பர்மிய விவசாயிக்கும் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் தாத்தாவின் பெயரும் நம் பேரேடுகளில்தான் இருக்கிறது. இதைப் பற்றி யாராவது கடுமையாக எழுதினால் எழுதட்டும். நம் முன்னோர் ஒரு காசு விடாமல் எழுதி வைத்தவர்கள், அவர்கள் எழுத்தை நாம் ஒளித்து வைப்பது அவர்களுக்கு மரியாதை இல்லை.

பேரேட்டில் வேறு ஆட்களும் இருக்கிறார்கள். சமையல்காரர், கணக்குப்பிள்ளை, வீடு கட்ட வந்த கொத்தனார், ஆசாரி, வண்டி ஓட்டியவர். அவர்களுக்குப் புள்ளி ஏடு கிடையாது. பல குடும்பங்களுக்குத் தங்கள் முப்பாட்டன் பெயர் எழுதப்பட்டிருக்கும் ஒரே இடம் ஏதோ ஒரு செட்டியார் வீட்டுப் பேரேட்டின் சம்பளப் பக்கமாக இருக்கும். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் கேட்டு வந்தால் நம் பிள்ளைகளுக்குக் காட்டுவது போலவே காட்டுங்கள்.

கடல் தாண்டிப் போன உறவுக்காரர்களுக்கு நிலைமை எவ்வளவோ பரவாயில்லை. சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய செய்தித்தாள்களை இணையத்தில் போட்டுவிட்டது. மார்க்கெட் தெருக் கிட்டங்கியில் (பலர் சேர்ந்து வட்டிக்கடை நடத்திய கட்டடத்தில்) கடை வைத்திருந்தவர் பெயரை அங்கே இருப்பவர்கள் வீட்டில் உட்கார்ந்தபடியே தேடுகிறார்கள். ரங்கூன் உயர்நீதிமன்றத் தீர்ப்புத் தொகுதிகளைப் புரட்டினால் வாதியாகவும் பிரதிவாதியாகவும் நம் விலாசங்கள் வரிசையாக வரும். கடல் கடந்த இடத்திலெல்லாம் நம் சுவடு தேடக் கிடைக்கிறது. சொந்த ஊரில்தான் ஆள் தெரிந்திருக்க வேண்டியிருக்கிறது.

வீட்டுக் காகிதங்களைப் பற்றிப் பங்காளிகளிடம். வீடு இடிக்கும்போது தூண், நிலை, கதவு ஒவ்வொன்றுக்கும் விலை பேசுகிறோம். பெல்ஜியம் கண்ணாடி, எனாமல் தூக்குச்சட்டி எல்லாம் காரைக்குடியில் பழைய சாமான் கடைக்குப் போய் நல்ல விலைக்குப் போகிறது. காகிதம் மட்டும் மூட்டை கட்டி எடைக்குப் போகிறது, அல்லது முற்றத்திலேயே எரிகிறது. செட்டிநாட்டு ஊர்கள் 2014-லிருந்து யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் இருக்கின்றன. வீடுகளைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். அந்த வீட்டைக் கட்டப் பணம் எங்கிருந்து வந்தது, யார் எத்தனை வருஷம் எந்த ஊரில் தனியாகக் கிடந்து சம்பாதித்தார் என்று சொல்லும் காகிதம் பரணில் இருப்பதை நாமே திறந்து பார்ப்பதில்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் ஒருவர் நினைத்தார். புத்தகங்களோடு கடிதம், அழைப்பிதழ், விளம்பரத் துண்டு வரை சேர்த்தார். அவர் காலமான பிறகு, 1994-ல் சென்னையில் அவர் பெயரில் நூலகம் எழுந்தது, உலகம் முழுக்க ஆராய்ச்சியாளர்கள் இன்று அதைத் தேடி வருகிறார்கள். அவர் கோடீஸ்வரர் இல்லை, பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்தவர்.

காகிதத்தைக் கொடுத்துவிட வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழ்நாட்டுக் கிராமங்களில் வீடுவீடாகப் போய் ஓலையையும் காகிதத்தையும் படம் எடுத்து இணையத்தில் சேர்த்திருக்கிறது, மூலம் உடையவர்களிடமே இருக்கிறது. நமக்கும் அதே முறை போதும். நல்ல வெளிச்சத்தில், நிழல் விழாமல், ஒவ்வொரு பக்கமாக, பக்க வரிசையை மாற்றாமல், செல்போனில் எடுத்தாலே இன்றைக்குப் படிக்கும்படி வரும். கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள், இரண்டும் கொஞ்ச வருஷத்தில் காகிதத்தைக் கெடுத்துவிடும். எந்த வீட்டில், எந்தப் பெட்டியில், எதோடு சேர்ந்து கிடந்தது என்பதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி உடன் வையுங்கள். காகிதம் யாருடையது என்பதற்குச் சில சமயம் அந்தச் சீட்டுதான் ஒரே சாட்சியாக இருக்கும்.

கோவில் ஏடுகளுக்கு இன்னும் கொஞ்சம் கவனம் வேண்டும். படம் எடுப்பவர் பக்கத்தில் பழைய கணக்கு படிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவர் உட்கார வேண்டும். அவர் வாய்விட்டுப் படிப்பதைப் பதிவு செய்துகொள்ளலாம். அழகப்பா பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருக்கிறது, வரலாறும் தமிழும் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். சுழியும் பின்னமும் கற்றுக்கொள்ள ஆர்வமுள்ளவர்களைக் கேட்டால் வருவார்கள். இதை எல்லாக் கோவிலும் ஒரே நேரத்தில் செய்ய வேண்டும் என்று காத்திருந்தால் நடக்காது. ஏதாவது ஒரு கோவில் முதலில் செய்யட்டும். ஒரு ஊர்க் கணக்கை மட்டும் எடுத்து முடித்தால்கூட, எவ்வளவு நாள் பிடிக்கும், எவ்வளவு செலவாகும், எங்கே சிக்கல் வரும் என்பதெல்லாம் தெரிந்துவிடும். வருஷாவருஷம் கும்பாபிஷேகத்துக்கும் திருப்பணிக்கும் மனம் கோணாமல் கொடுக்கும் கைகள் இதற்கும் கொடுக்கும், கேட்டால்.

அவசரம் ஏன் என்றால், நான் போன இடங்களிலேயே ஓர் ஊரில் ஏட்டின் கீழ்ப்பாதி தண்ணீர் பட்டு ஒட்டிப்போயிருந்தது. ஓட்டு வீட்டுக் கூரையில் ஒரு ஓடு நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அங்கே பொறுப்பில் இருந்த அண்ணன் அதைப் பிரித்துக் காட்டக்கூடக் கூசினார். இன்னோர் இடத்தில் ஏட்டைப் படிக்கக்கூடியவர் என்று எல்லோரும் கைகாட்டிய ஐயா நான் போவதற்குச் சில மாதம் முன்னால் இறந்துவிட்டிருந்தார்.

பழைய கணக்கு எழுத்து எனக்கு இப்போது ஓரளவு படிக்க வருகிறது, பின்னங்கள் உட்பட. காரைக்குடியிலிருந்து போய் வரும் தூரத்தில் இருக்கும் எந்தக் கோவில் இதைத் தொடங்கினாலும் சனி, ஞாயிறுகளில் வந்து உட்கார்ந்து எழுதிக் கொடுக்கத் தயாராக இருக்கிறேன். என்னைப் போல இன்னும் நாலைந்து பேரை அழைத்து வர முடியும், அதில் மூன்று பேர் பெண்கள். எங்கள் பெயர் எதிலும் வர வேண்டாம், போக்குவரத்துச் செலவும் வேண்டாம். அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதை ஒரு பொருளாகச் சேர்த்து, முடிவு எதுவானாலும் எழுத்தில் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

வணக்கத்துடன்,
நகரத்தார் வீட்டு மகள் ஒருத்தி,
காரைக்குடி.